அவர் கேட்டது வெந்நீர் இல்லை

சென்ற இதழின் கேள்வி-பதில் பகுதியில் ஒரு சகோதரி கேட்டிருந்தார். வாசலில் பன்னீர் திராட்சைக் கொடி வைத்து மூன்று வருடம் ஆகிறதாம். பந்தல் முழுக்கப் படர்ந்து நிழல் கட்டிவிட்டதாம். ஒரு குலைகூட வரவில்லை, என்ன உரம் போடலாம் என்பது கேள்வி. பதில் சொன்ன ஐயா, உரம் வேண்டாம், கவாத்து செய்யுங்கள் என்று இரண்டு வரியில் முடித்திருந்தார். சரியான பதில்தான். ஆனால் கத்தரியைக் கையில் வைத்துக்கொண்டு கொடிக்குக் கீழே நிற்கிறவளுக்கு அந்த இரண்டு வரி போதாது. நானும் அப்படி நின்றவள் என்பதால் எழுதுகிறேன்.

எங்களுக்குக் கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு கிராமம். ஒன்றரை ஏக்கர் பன்னீர் திராட்சை இருந்தது. கல் கால் ஊன்றி, கம்பி இழுத்த பந்தல். எங்கள் வீட்டுக்காரர் சொந்தத் தோட்டம் போக, மார்கழியிலும் வைகாசியிலும் மற்றவர்கள் தோட்டத்துக்கும் கவாத்து வெட்டப் போவார். அவர் வெட்டிய தோட்டம் என்றால் குலை ஒரே சீராக இறங்கும் என்று ஊரில் சொல்வார்கள். நான் களை எடுப்பேன், குலை அறுப்பேன், பெட்டி அடுக்குவேன். முப்பது வருடம் திராட்சைத் தோட்டத்தில் வேலை செய்தும் ஒரு நாள்கூட நான் கத்தரியைத் தொட்டதில்லை. தொட விட்டதில்லை என்றும் சொல்லலாம்.

2019 ஐப்பசியில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போனது. நாம் சொல்வது அவருக்கு முழுதாகப் புரியும், பதில் மட்டும் வாயில் வராது. ஒரு வருடம் ஆள் வைத்துப் பார்த்தேன், கட்டவில்லை. தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டோம். குத்தகைக்காரர் திராட்சையைப் பிடுங்கிவிட்டு வாழை வைத்தார். அவரைக் குறை சொல்ல முடியாது, திராட்சைக்கு வேண்டிய ஆளும் மருந்தும் செலவும் எனக்கே தெரியும். பிடுங்குகிற அன்று போய் பென்சில் கனத்தில் முற்றிய குச்சியாகப் பார்த்து, ஆளுக்கு நாலு கணு இருக்கும்படி ஏழு குச்சி எடுத்துவந்தேன். நாலு கல் காலையும் டிராக்டரில் ஏற்றிக்கொண்டேன்.

குச்சிகளை மண்ணும் மணலும் தொழு உரமும் கலந்த பையில் ஊன்றினேன். நாலு துளிர்த்தன. வாசலுக்குத் தெற்கே, நாள் முழுக்க வெயில் படுகிற இடத்தில் மூன்றடிக்கு மூன்றடி குழி எடுத்து, மேல் மண், மக்கிய குப்பை, இரண்டு கிலோ வேப்பம் பிண்ணாக்கு போட்டு மூடி, பதினைந்து நாள் ஆறவிட்டு, நன்றாக வந்த ஒரு செடியை நட்டேன். பத்துக்குப் பன்னிரண்டு அடியில் பந்தல். ஒரு வீட்டுக்கு ஒரு கொடி போதும். திராட்சையில் ஒரே பூவில் ஆண் பாகமும் பெண் பாகமும் இருப்பதால் துணைக்கு இன்னொரு செடி தேவையில்லை. (போன வருடம் எங்கள் தெருவில் வண்டியில் வந்த ஒருவர் கிவிச் செடி விற்றார். கிவிக்கு ஆண் கொடி தனி, பெண் கொடி தனி, அதோடு குளிர்காலத்தில் நல்ல குளிரும் வேண்டும். ஒற்றைச் செடியை வாங்கி எங்கள் வெயிலில் வைத்த பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு இதைச் சொல்வதற்குள் பணம் போய்விட்டது.)

தப்பு நட்டபிறகுதான் நடந்தது. திராட்சைக் கொடியை முதல் வருடம் ஒரே தண்டாக ஏற்ற வேண்டும். பக்கத்தில் குச்சி ஊன்றிக் கட்டி, பக்கத் துளிர்களை எல்லாம் கிள்ளி, பந்தல் உயரம் வந்ததும் நுனியைக் கிள்ள வேண்டும். அங்கே கிளம்பும் துளிரில் இரண்டை மட்டும் வைத்துக் கிழக்கே ஒன்று, மேற்கே ஒன்று என்று கம்பியில் ஓட விட வேண்டும். இந்த இரண்டும்தான் கொடியின் கைகள். அந்தக் கைகளில் இரண்டு அடிக்கு ஒரு கிளையாகப் பந்தல் நிரம்ப வேண்டும். முப்பது வருடம் பார்த்த எனக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் பிடுங்கிப்போட்ட தோட்டத்திலிருந்து வந்த ஒரே கொடி. அதில் துளிர்த்த எதையும் கிள்ள மனம் வரவில்லை. அடியிலிருந்து ஐந்து தண்டு கிளம்பியது, ஐந்தையும் விட்டேன். சாணி, கோமியம் எல்லாம் தாராளமாக ஊற்றினேன். இரண்டு வருடத்தில் பந்தலுக்கு மேலே ஒன்றரை அடி கனத்துக்கு இலை. கீழே கயிற்றுக் கட்டிலைப் போட்டு அவரைப் படுக்க வைப்பேன். நல்ல குளிர்ச்சி. குலை மட்டும் இல்லை.

அந்த நாட்களில் அவருக்கு ஒரே ஒரு எழுத்து திரும்பி வந்திருந்தது. கட்டிலில் படுத்தபடி இடது கையைத் தூக்கி "வெ... வெ..." என்பார். வெந்நீர் கேட்கிறார் என்று ஓடிப்போய் வைத்துக் கொண்டுவருவேன். டம்ளரைத் தட்டிவிடுவார். சூடு அதிகமோ என்று ஆற்றிக் கொடுப்பேன். முகத்தைத் திருப்பிக்கொள்வார். இந்த வியாதியில் கோபம் வரும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்ததால் நானும் பொறுத்துக்கொண்டேன். எத்தனை மாதம் இப்படி ஓடியது என்று இப்போது நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது.

2022 மார்கழி. காலையில் கவாத்து ஆட்கள் ஏழெட்டுப் பேர் எங்கள் தெரு வழியாகத் தோட்டத்துக்குப் போனார்கள். அவரோடு வேலை செய்தவர்கள், "என்னண்ணே, நல்லா இருக்கீகளா" என்று நின்று பேசினார்கள். அதில் ஒரு தம்பியின் இடுப்பில் கத்தரி இருந்தது. அவர் அந்தக் கத்தரியைக் காட்டினார். பிறகு மேலே பந்தலைக் காட்டினார். பிறகு என்னைப் பார்த்து "வெ... வெ..." என்றார். அந்தத் தம்பிதான் சிரித்துக்கொண்டே, "மதினி, அண்ணன் வெட்டச் சொல்றாரு" என்றான்.

அவனையே வெட்டிக் கொடுக்கச் சொன்னேன். அவர் தலையை ஆட்டி மறுத்து, என் கையைக் காட்டினார்.

தண்ணீர் பாய்ச்சுவதை நிறுத்திப் பத்து நாள் காயவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்டூல் போட்டு ஏறினேன். கட்டிலைப் பந்தலுக்கு வெளியே இழுத்துப் போட்டாயிற்று, அங்கிருந்து அவர் பார்க்கிறார். முதலில் அடித்தண்டு. ஐந்தில் நேராகவும் பருமனாகவும் இருந்த ஒன்றைக் காட்டினார், மற்ற நாலையும் தரையோடு வெட்டச் சொல்லிச் சைகை. பந்தலில் கிட்டத்தட்ட முக்கால்வாசி இலை அந்த நாலு தண்டில் இருந்தது. வெட்டினேன். பிறகு மிச்சமிருந்த தண்டில் கைகளைத் தேடிப் பிரித்தோம். அதற்கே ஒரு மணி நேரம் ஆனது. பற்றுச் சுருள்கள் கம்பியை இறுக்கிச் சுற்றியிருந்தன, ஒவ்வொன்றாக நறுக்கி எடுத்தேன்.

அதன் பிறகு குச்சிகள். இங்கேதான் அவர் விரல் பேசியது. நான் ஒரு குச்சியைப் பிடித்துக் காட்டுவேன். அவர் இடது கையில் நாலு விரல் காட்டினால் நாலு கண் விட்டு வெட்ட வேண்டும். இரண்டு விரல் காட்டினால் இரண்டு கண். கையை அறுப்பதுபோல் காட்டினால் அடியோடு எடுக்க வேண்டும். கண் என்பது கணுவில் இருக்கிற மொட்டு. பத்துப் பதினைந்து குச்சி போனதும் எனக்கே கணக்கு பிடிபட்டது. பழுப்பு நிறத்தில் முற்றி, பென்சில் கனம் இருந்து, வெயில் பட்டு வளர்ந்த குச்சிக்கு நாலு. அதில்தான் குலை வரும். அதே கையில் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கும் குச்சிக்கு இரண்டு. அதில் வரும் துளிர் அடுத்த கவாத்துக்கான குச்சியாக வளரும். பச்சையாக இருப்பது, நூல் மாதிரி மெலிந்தது, நிழலில் கிடந்தது எல்லாவற்றுக்கும் அறுப்பு. நாலு மட்டும் விட்டு இரண்டை மறந்தால் அடுத்த முறை குலைக்கு இடம் இல்லாமல் கொடி நுனிக்கு ஓடிவிடும்.

வெட்டிய இடங்களில் தண்ணீர் சொட்ட ஆரம்பித்தது. தோட்டத்தில் எத்தனையோ முறை பார்த்ததுதான், ஆனால் நானே வெட்டியதில் சொட்டியபோது கைகால் நடுங்கியது. இரண்டு மூன்று நாள் சொட்டும், பிறகு தானாக நிற்கும், கொடிக்கு ஒன்றும் ஆகாது. நான் அழுததைப் பார்த்து அவர் சிரித்தார். வியாதி வந்தபிறகு அவர் சத்தமாகச் சிரித்து நான் அன்றுதான் கேட்டேன்.

தண்டில் உரிந்து தொங்கிய பழைய பட்டையைக் கையால் உரித்து எடுத்துக் கொளுத்தினேன். துளிரைத் தின்னும் சின்ன வண்டு அதற்குள்தான் முட்டை வைக்கும். பெரிய வெட்டு வாய்களில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் குழைத்த பசையைத் தடவினேன். அடியில் ஒரு கூடை தொழு உரமும் இரண்டு படி அடுப்புச் சாம்பலும் போட்டு மண்ணைக் கிளறித் தண்ணீர் விட்டேன். பந்தல் வெறும் கம்பியாக நின்றது. தெருவில் போனவர்கள், "கொடி செத்துப்போச்சா அக்கா?" என்று கேட்டார்கள்.

இரண்டு வாரத்தில் கண் வீங்கி, இளஞ்சிவப்பாகத் துளிர் வந்தது. துளிர் ஒரு சாண் வளர்ந்தபோது இலைக்கு எதிர்ப்பக்கம் மிளகுக் கொத்து மாதிரி பூங்குலை தெரிந்தது. எண்ணினேன், இருபத்து மூன்று. எல்லாமே பந்தலின் மேல் பக்கம், வெயில் பட்ட குச்சிகளில். நிழலில் கிடந்த குச்சிகளில் சிலவற்றை ஆசைப்பட்டு அவருக்குத் தெரியாமல் நாலு கண் விட்டிருந்தேன். அதில் வெறும் இலைதான். போன பருவத்தில் வெயில் பட்ட கண்ணுக்குள்தான் அடுத்த குலை உருவாகியிருக்கும். அந்தச் சகோதரியின் பந்தலில் மூன்று வருடமாகக் குலை வராததற்கு இதுதான் காரணமாக இருக்க வேண்டும். உரம் போட்டால் இன்னும் இலைதான் வரும்.

நோய் என்று பார்த்தால் வீட்டுக் கொடிக்கு அடிச்சாம்பல் நோய்தான் பெரிய தொல்லை. இலைக்கு மேலே எண்ணெய் பட்டதுபோல் மஞ்சள் திட்டு, அதற்கு நேர் கீழே வெள்ளைப் பூசணம். மழையும் பனியும் சேர்ந்தால் வந்துவிடும். நான் போர்டோ கலவை அடிக்கிறேன். 100 கிராம் மயில்துத்தம் 5 லிட்டர் தண்ணீரில் ஒரு பிளாஸ்டிக் வாளியில், 100 கிராம் சுட்ட சுண்ணாம்பை நீற்றி 5 லிட்டர் தண்ணீரில் இன்னொரு வாளியில். இரண்டையும் மூன்றாவது வாளியில் ஒன்றாக ஊற்றிக் கலக்க வேண்டும். துருப்பிடிக்காத அரிவாளை ஒரு நிமிடம் முக்கி எடுங்கள். செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை, இன்னும் கொஞ்சம் ஊற்றுங்கள். கலந்த அன்றே அடித்துவிட வேண்டும், காய் நிறம் மாற ஆரம்பித்தபின் அடிக்கக் கூடாது. இரும்பு வாளியில் கலக்காதீர்கள், நான் கலந்து ஒரு வாளியை ஓட்டையாக்கினேன்.

அந்த முதல் வெட்டின் காய் 2023 சித்திரையில் பழுத்தது. பறிப்பதற்கு ஒரு வாரம் முன்பு தண்ணீரை நிறுத்தினேன், ஆனால் வானம் நிறுத்தவில்லை. ஒரு கோடை மழையில் ஐந்தாறு குலை வெடித்துப்போனது. அணில் கொஞ்சம், மைனா கொஞ்சம். பழைய நூல் சேலையைக் கிழித்துப் பை தைத்துக் குலைக்குக் கட்டியது அதற்கப்புறம்தான். கடைசியில் நாலு கிலோ தேறியது. கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததும் அதே 2023-இல்தான். பேப்பரில் படித்துக் காட்டியபோது அவர் பந்தலைப் பார்த்துக்கொண்டார். போன சித்திரையில் பதினோரு கிலோ. பேரன் வந்து, "அப்பத்தா, கடைப் பழம் மாதிரி பெரிசா இல்லையே" என்றான். இல்லைதான். குலையை நெருக்கமாக விட்டுவிட்டேன், அடுத்த முறை பிஞ்சிலேயே கொஞ்சம் உதிர்க்க வேண்டும்.

பறித்து முடிந்ததும் ஒரு மாதம் ஓய்வு விட்டு வைகாசிக் கடைசியில் இன்னொரு கவாத்து வெட்டலாம், ஆவணி புரட்டாசியில் பழம் வரும். தோட்டத்தில் அப்படித்தான் செய்வோம். நான் வீட்டில் அந்தப் பருவத்தில் லேசாகத்தான் வெட்டுகிறேன். வெயில் காலத்தில் அவர் கட்டிலுக்கு நிழல் வேண்டும், கொஞ்சம் பழம் குறைந்தால் குறையட்டும்.

அந்தச் சகோதரிக்கு: இந்த மார்கழி வரை பொறுங்கள். மழைக்காலத்தில் இப்போது வெட்டினால் இளந்துளிர் நோயில் போகும். அதுவரை பந்தலுக்குக் கீழே நின்று மேலே பாருங்கள். வெயில் புள்ளி புள்ளியாகவாவது தரையில் விழவில்லை என்றால், உள்ளே கிடக்கிற மெலிந்த பச்சைக் குச்சிகளை மட்டும் இப்போதே எடுத்து வெயிலுக்கு வழி விடுங்கள். அடியில் எத்தனை தண்டு என்று எண்ணி, எதை வைத்துக்கொள்வது என்று ஒரு சிவப்புத் துணியைக் கட்டி வையுங்கள். வெட்டும் நாளில் மனம் மாறாமல் இருக்க அது உதவும். முதல் வருடம் நாலைந்து கிலோ வந்தாலே நல்ல விளைச்சல்.

அவருக்கு இப்போது பத்துப் பன்னிரண்டு வார்த்தை வருகிறது. "ஏ புள்ள, மூணு" என்று போன கவாத்தில் ஒரு குச்சிக்குச் சண்டை போட்டார். நான் நாலு என்றேன். அந்தக் குச்சியில் அவர் சொன்னபடி மூன்று விட்டேன், பக்கத்துக் குச்சியில் என் கணக்குப்படி நாலு. இரண்டிலும் ஒவ்வொரு குலைதான் வந்தது.

இந்த மார்கழி பத்தாம் தேதி வாக்கில் வெட்டுவேன். முற்றிய குச்சிகளை நாலு கணுவாக நறுக்கி ஈரச் சாக்கில் சுற்றி நிழலில் வைத்திருப்பேன், பத்து நாள் வரை கெடாது. எங்கள் பக்கம் வருகிற வாசகர்கள் கேட்டால் தருகிறேன்.