கயிற்றில் கோத்த கல்

கொரிய மொழியில் முத்துக்கு ‘ஜின்ஜு’ என்று பெயர். இரண்டு சீன எழுத்துகள்: ஜின் என்றால் உண்மை, ஜு என்றால் மணி. மணி கண்ணாடியிலும் வரும், களிமண்ணிலும் வரும். அதனால்தான் ‘உண்மை’ தேவைப்பட்டது என்று எனக்குப் படுகிறது. நமக்கும் அந்தத் தேவை உண்டு. ஆமணக்கு முத்தும் முத்துதான், அம்மை முத்தும் முத்துதான். உருட்சியும் ஒளியும் குறையாததை தூத்துக்குடிக் கரை வியாபாரிகள் ‘ஆணி’ என்று தனியே எடுத்து வைத்தார்கள்.

*

ஜு எழுத்தைப் பிரித்துப் பார்த்தேன். வலப்பாதிக்குச் சிவப்பு என்று பொருள், ஆனால் இங்கே அது ஒலியைக் காட்ட மட்டுமே. இடப்பாதி ‘அரசன்’ எழுத்தைப் போலவே இருக்கும். உண்மையில் அது ஜேட் என்ற பச்சைக்கல். மூன்று கிடைக்கோடுகளும் கற்கள், நெடுக்கே ஓடுவது அவற்றைக் கோத்த கயிறு.

சிப்பிக்கு வேறு எழுத்து இருக்கிறது; சோழியின் படத்திலிருந்து வந்தது. வாங்குவது, விற்பது, செல்வம், வறுமை எல்லாவற்றிலும் அந்தச் சோழி ஒட்டிக்கொண்டிருக்கிறது, சீனத்தில் ஒரு காலத்தில் சோழியே பணமாக இருந்ததால். சிப்பிக்குள் பிறந்த முத்தின் எழுத்தில் மட்டும் அது இல்லை! கழுத்தில் ஏறிய பிறகுதான் ஜு எழுத்து முத்தைப் பார்த்திருக்கிறது. நாமும் நவரத்தினத்தில் கற்களோடுதானே அதைச் சேர்த்தோம்.

கடலுக்குள் இருக்கும் முத்துக்குப் பார் என்ற கடலடித் திட்டு உண்டு, சிப்பி உண்டு, மூச்சடக்கிய ஆள் உண்டு. அந்நாளில் முத்துக் குளிப்பவர் கயிற்றில் கட்டிய கல்லில் கால் வைத்து இறங்குவார். கயிறு மேலே படகில் இன்னொருவர் கையில். கல்லும் கயிறும் இங்கேயும்தான். ஆனால் இது வேறு கல், வேறு கயிறு. கூடவே ஓர் உயிர்.

*

1015-இல் சோழத் தூதர்கள் சீன அரசவையை அடைந்தார்கள். முத்து கோத்த அங்கியும் தொப்பியும் கொண்டுபோனார்கள், தனியே முத்தும். சோங் வரலாற்றில் அதை எழுதியிருப்பது கொரியர்கள் ஜின்ஜு என்று படிக்கும் அதே இரண்டு எழுத்துகளில். பாண்டிய நாடு அப்போது சோழர் கையில். நம் பார்களின் முத்து அதில் இருந்திருக்கும் என்றே நம்புகிறேன்.

*

பள்ளியில் கொரியப் பிள்ளைகள் ஜு எழுத்தை ‘குசுல் ஜு’ என்று படிப்பார்கள். குசுல் அவர்களுடைய சொந்தச் சொல், அதுவும் மணிதான். பொருளும் ஒலியும் ஒரே மூச்சில்.

*

தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961-இல். 1973-இல் இங்கேயே மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் சிப்பிக்குள் கருவைத்து வளர்ப்பு முத்து எடுத்தார்கள். அதற்குக் கொரியத்தில் ‘யாங்சிக் ஜின்ஜு’ என்று பெயர். வளர்த்ததுதான், ஆனாலும் ‘உண்மை’யை அவர்கள் எடுத்துவிடவில்லை.