புதுக்குவதா, மாற்றுவதா?

உழைக்கும் பொருள் யாவும் தேயும் என்பது சிறுவரும் அறிந்த உண்மை. ஏரின் கொழு தேய்கின்றது; தறியின் நாடா தேய்கின்றது; நடந்து நடந்து காலின் செருப்பும் தேய்கின்றது. அங்ஙனம் தேய்ந்த பொருளைப் புதுக்கிக்கொள்வதா, அன்றி அதனைத் தள்ளிவிட்டுப் புதியதொன்றைத் தேடுவதா என்னும் வினா ஒவ்வோர் இல்லத்திலும் ஒருகால் எழுந்தே தீரும். செருப்பாயின் ஒரு நொடியில் முடிவு செய்து மறந்துவிடுகின்றோம். ஒரு குடும்பத்தின் சோறு முழுதும் அப்பொருளையே பற்றி நிற்குமாயின் அம்முடிவு அத்துணை எளிதன்று. எம் இல்லத்துச் சரக்கு வண்டியின் இயந்திரத்தைக் குறித்து யாம் எண்ணித் துணிந்த வரலாற்றை ஈண்டு எழுதப் புகுகின்றோம். இஃது எம்மைப்போன்ற பிறர்க்கும் ஒருவாறு பயன்படக்கூடும்.

யாம் பெரிய காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் வாழ்பவர். எம் பாட்டனார் காலத்தில் இல்லத்தில் இரண்டு பட்டுத்தறிகள் இருந்தன. எம் தந்தையார் நெசவைவிட்டு, 2012-ஆம் ஆண்டில் கடன் பெற்று, ஊரார் ‘பிக்கப்’ என வழங்கும் சிறு சரக்கு வண்டியொன்றை வாங்கினார். கருநாடகத்திலிருந்து வந்திறங்கும் பட்டுநூல் மூட்டைகளும், சூரத்திலிருந்து வரும் சரிகைப் பெட்டிகளும், சாயம் தோய்க்கச் செல்லும் நூலும், சென்னைக்குச் செல்லும் சேலைக் கட்டுகளும் அவ்வண்டியில் ஏறிச் சென்றன. 2019-ஆம் ஆண்டு ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் சின்னக் காஞ்சிபுரத்தில் அத்திவரதர் 48 நாள் காட்சியளித்தபோது, அன்னதானத்திற்குரிய அரிசியையும் குடிநீரையும் இரவு பகலாகச் சுமந்ததும் அதுவே. கடன் தீர்ந்தது, தமையனாரின் படிப்பு முடிந்தது, தங்கையும் செவிலியர் கல்வியில் சேர்ந்தாள். இவை யாவும் அவ்வண்டியின் நான்கு உருளைகளுக்குள் எரிந்த டீசலால் நடந்தவை என்று கூறின் அது மிகையாகாது.

நிற்க. சென்ற ஆண்டு முதல் அவ்வண்டி தன் முதுமையை வெளிக்காட்டத் தொடங்கிற்று. விடியற்காலையில் நெடுநேரம் முயன்றாலன்றி இயங்காது. ஏற்றமான பாலத்தில் சரக்கோடு ஏறும்போது மூச்சு வாங்கும். புகைக்குழாய் வழியே நீலப்புகை கக்கும். கரும்புகை வருமாயின் எரிபொருள் முற்றும் எரியவில்லை என்றும், நீலப்புகை வருமாயின் மசகெண்ணெய் உடன் எரிகின்றது என்றும் மெக்கானிக்குகள் கொள்வர். முன்னர் ஒரு லிட்டர் டீசலுக்கு 12 கிலோமீட்டர் ஓடிய வண்டி 9 கிலோமீட்டரே ஓடிற்று. 300 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் மசகெண்ணெய் ஊற்ற வேண்டியதாயிற்று.

இதன் காரணத்தைச் சிறிது விளக்குதல் நலம். ருடால்ஃப் டீசல் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1897-ஆம் ஆண்டில் வெற்றியுற இயக்கிக்காட்டிய இயந்திரத்தில் தீப்பொறி மூட்டும் கருவி இல்லை. உருளைக்குள் அடைபட்ட காற்றைப் பிஸ்டன் மிகவும் நெருக்குதலால் காற்று கொதிப்பேறுகின்றது. அவ்வெப்பத்தில் தெளிக்கப்படும் எண்ணெய் தானே பற்றி எரிகின்றது. ஆகவே டீசல் இயந்திரத்திற்கு நெருக்கமே உயிர். பிஸ்டனைச் சூழ்ந்த வளையங்களும் உருளையின் சுவரும் தேய்ந்தால் காற்று கீழே கசியும், நெருக்கம் குன்றும், வெப்பம் போதாது. மசகெண்ணெயோ மேலேறி எரியும். எம் வண்டிக்கு நேர்ந்தது இதுவே.

எம் முன் நான்கு வழிகள் இருந்தன. புதிய வண்டி வாங்குவது ஒன்று. பழைய இயந்திரமொன்றை விலைக்கு வாங்கி மாற்றிக்கொள்வது ஒன்று. உள்ள இயந்திரத்தையே பிரித்துப் புதுக்குவது ஒன்று. ஓடுமட்டும் ஓடட்டும் என்று விட்டுவிடுவது ஒன்று. நான்காவது வழி செலவற்றதுபோல் தோன்றும். ஆயின் கணக்கிட்டுப் பார்த்தோம். மாதம் 2,000 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு முன்னையினும் 55 லிட்டர் டீசல் மிகுதியாயிற்று. லிட்டர் 92 ரூபாய் என்று கொண்டால் அது 5,000 ரூபாய்க்குச் சற்று மேல். மசகெண்ணெய்க்கு 2,300 ரூபாய். ஆக, மாதந்தோறும் 7,300 ரூபாய் புகையாய்ப் போயிற்று. ஒன்றும் செய்யாதிருத்தலுக்கும் விலை உண்டு என்பதை அன்று தெளிவுற உணர்ந்தோம்.

எம் தமையனார் புதிய வண்டியே வேண்டும் என்றார். அவர் கூற்றிலும் நியாயம் இருந்தது. எம்மூரிலிருந்து சென்னைக்குச் செல்லும் பெருவழியில் இருங்காட்டுக்கோட்டையிலும், அதற்குத் தெற்கே ஒரகடத்திலும் பெரிய மோட்டார்த் தொழிற்சாலைகள் இருக்கின்றன. புதிய வண்டிகள் லாரிகளில் அடுக்கடுக்காய்ச் செல்வதை நாடோறும் காணும் ஒருவர்க்குப் பழைய வண்டியின்மீது சலிப்பு உண்டாதல் இயல்பே. ஆயின் புதிய வண்டியின் விலை ஏறத்தாழ 10 லட்சம். 8 லட்சம் கடன் பெற்றால் ஐந்தாண்டுகளுக்கு மாதந்தோறும் 17,000 ரூபாய் கட்டல் வேண்டும். டிரைவர் சம்பளமும் டீசலும் போக எமக்கு மாதம் எஞ்சுவது 22,000 ரூபாய். அதில் 17,000 போனால் தங்கையின் கல்விக் கட்டணம் எங்கிருந்து வரும்? அன்றியும், 2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த ஆறாம் பாரத் விதிக்கு இணங்கிய டீசல் வண்டிகள் பலவற்றில் புகைக்கரியை வடிக்கும் கருவி உண்டு. நெடுந்தூரம் விரைந்து ஓடும்போதே அது தன்னைத்தான் நன்கு எரித்துத் தூய்மை செய்துகொள்ளும். எம் வண்டியோ பெரும்பாலும் தெருத்தெருவாய் நின்று நின்று செல்வது.

உறவினர் ஒருவர், சென்னைப் புதுப்பேட்டைக்குச் சென்றால் கழற்றிய இயந்திரம் 70,000 ரூபாய்க்குள் கிடைக்கும். இரண்டே நாளில் மாட்டிவிடலாம் என்றார். பழைய மோட்டார் உறுப்புகளுக்குப் பெயர்பெற்ற இடம் அது. ஆயின் பிறர் வண்டியில் அவ்வியந்திரம் எத்துணைத் தூரம் ஓடிற்று, எண்ணெய் காலத்தில் மாற்றப்பட்டதா, வெள்ளத்தில் மூழ்கியதா என்பவற்றை யார் அறிவார்? மற்றொரு செய்தியும் கருதத்தக்கது. இயந்திரத்தில் பொறித்த எண் வண்டியின் பதிவுச் சான்றில் எழுதப்பட்டிருக்கின்றது. இயந்திரத்தை மாற்றுவோர் பதிவு அலுவலகத்திற்கு அறிவித்துச் சான்றைத் திருத்திக்கொள்ளல் வேண்டும் என்பது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் விதி. வாங்கிய ரசீது செவ்வையாக இல்லாவிடின் ஆண்டுதோறும் நிகழும் தகுதிச் சோதனையில் இடர் விளையும்.

புதுக்குதலைப் பற்றிக் கேட்க ஒலிமுகமதுபேட்டையிலுள்ள முதிய மெக்கானிக் ஒருவரிடம் தந்தையார் சென்றார். யாமும் உடன் சென்றோம். அவர் வண்டியை இயக்கச்செய்து, எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து, அதன்மேல் உள்ளங்கையைச் சிறிது உயர்த்திப் பிடித்தார். கீழிருந்து காற்று குபுகுபுவென்று கையில் மோதிற்று.

“பாய், என்ன சொல்லுகிறீர்கள்?” என்றார் தந்தையார்.

“அண்ணே, ரிங் போயிற்று என்பது நிச்சயம். மற்றது பிரித்தால்தான் தெரியும். அளந்து பாராமல் சொல்லுகிறவன் சோதிடன், நான் மெக்கானிக்” என்றார் அவர்.

உருளைகளைக் கடைந்து அகலப்படுத்தி, அதற்கேற்ப அரை மில்லிமீட்டர் பருத்த பிஸ்டன்களை இடல். கிராங்குத் தண்டைச் சாணை பிடித்தல். பேரிங்குகள், வால்வுகள், எண்ணெய்ப் பம்பு இவற்றைப் புதுக்கல். டீசல் பம்பைச் சோதித்துத் திருத்தல் எனப் பணிகளை எண்ணி, 95,000 ரூபாய் ஆகும் என்று அவர் மதிப்பிட்டார். பிளாக்கு அதுவேயாதலின் எண்ணும் மாறாது. மாதம் 7,300 ரூபாய் மிச்சமாகுமாயின் பதின்மூன்று மாதத்தில் செலவு மீளும். ஆயின் சட்டம் துருப்பிடித்து, கியர்ப்பெட்டியும் பின்னச்சும் தளர்ந்த வண்டியில் நல்ல இயந்திரத்தை வைப்பது இற்ற சுவரில் புதுக் கதவு வைப்பதை ஒக்கும். ஆகவே அவற்றையும் பார்க்கச் சொன்னோம். அவை உறுதியாய் இருந்தன.

அன்றிரவு இல்லத்தில் நெடுநேரம் வாதம் நிகழ்ந்தது. தந்தையார் நெசவை எடுத்துக்காட்டினார். “பாவு தீர்ந்தால் தறியை எரிப்பாருண்டோ? பழைய பாவின் நுனியோடு புதுப்பாவின் இழைகளை ஒவ்வொன்றாய்ப் பிணைக்கின்றோம். அச்சும் விழுதும் அவ்வாறே இருக்க நெசவு தொடர்கின்றதே” என்றார். தமையனாரோ, “தறி நூறாண்டு நிற்கும், அப்பா. வண்டிக்கு அத்துணை ஆயுள் இல்லை. 15 ஆண்டு கடந்த வண்டிகளுக்குத் தகுதிச் சான்றின் கட்டணம் 2022 ஏப்ரலில் உயர்ந்ததை மறந்தீர்களா?” என்றார். இருவர் கூற்றும் உண்மையே. ஆதலின் வாதம் முடியவில்லை.

அப்பொழுது தாயார் ஒன்று கேட்டார்: “இந்த வண்டி இன்னும் எத்தனை ஆண்டு ஓடும் என்று பேசுகின்றீர்கள். நமக்கு எத்தனை ஆண்டு ஓட வேண்டும்?” தங்கையின் படிப்பு முடிய மூன்றாண்டு, அவள் வேலையில் அமர மேலும் சில மாதம். நான்காண்டு ஓடினால் போதும். அதுகாறும் கடன் இல்லாதிருத்தலே குடும்பத்தின் தேவை. இக்கேள்வி பிறந்தவுடன் வழக்கு தானே தீர்ந்தது. தமையனாரும் இசைந்தார். ஆயினும் அவர் ஒரு நிபந்தனை வைத்தார்: பிரித்தபின் என்ன குறை கண்டாலும் மொத்தச் செலவு 1,25,000 ரூபாயைத் தாண்டலாகாது, தாண்டுமாயின் உள்ளவாறே விற்றுவிடல் வேண்டும். பிரித்துப்போட்ட இயந்திரத்தின் எதிரில் நிற்பவன் மனம் இளகிவிடும். ஆதலின் எல்லையை முன்னரே வரைந்துகொள்ளல் அறிவுடைமை.

அவ்வெல்லை உடனே சோதிக்கப்பட்டது. பிரித்தபொழுது, உருளைகள் மெக்கானிக் எண்ணியவாறே அரை மில்லிமீட்டருக்குள் அடங்கின. கிராங்குத் தண்டும் தாழ்வில்லை. ஆயின் தலைப்பகுதியை நீரழுத்தத்தில் சோதித்தபோது இரு வால்வுகளின் இடையே மயிரிழை போன்றதொரு வெடிப்பு தென்பட்டது. வேறு தலை வாங்க 18,000 ரூபாய். மொத்தம் 1,13,000. பதின்மூன்று மாதம் என்றது பதினைந்தரை மாதமாயிற்று. எல்லைக்குள் இருந்தமையால், “செய்யுங்கள், பாய்” என்று தந்தையார் கூறினார். அக்குரலில் நடுக்கம் இல்லை.

பணி முடிய மூன்று வாரம் ஆயிற்று. அந்நாட்களில் நூல் வணிகர் வேறு வண்டிக்கு மாறிவிடாதிருக்க, வாடகை வண்டியொன்றை அமர்த்தி இலாபமின்றி ஓட்டினோம். எம் டிரைவருக்குப் பாதிச் சம்பளமேனும் தருவோம் என்று தந்தையார் கூற, அவர் மெக்கானிக்கின் பட்டறையிலேயே நாள்முழுதும் இருந்து உறுப்புகளைக் கழுவித் தந்து, இயந்திரத்தின் உள்ளுறுப்பு ஒவ்வொன்றையும் கற்றுக்கொண்டார். புதுக்கிய இயந்திரம் முதல் 1,500 கிலோமீட்டருக்குப் பாதிப் பாரமே சுமத்தல் வேண்டும்; விரைந்து ஓடலாகாது; முதல் எண்ணெயை விரைவில் மாற்றல் வேண்டும் என்று மெக்கானிக் விதித்தார். வளையங்கள் புதுச்சுவரோடு பொருந்தி அமர்வதற்கு அக்காலம் வேண்டுமாம். டிரைவர் அதனை விரதம்போல் காத்தார். இப்பொழுது வண்டி லிட்டருக்கு 11 கிலோமீட்டருக்குக் குறையாது ஓடுகின்றது. பழைய 12 திரும்பவில்லை. அதனை யாம் எதிர்பார்க்கவுமில்லை.

மாணவ நண்பர்காள்! புதுக்குதலே சிறந்தது என்று யாம் கூற வரவில்லை. சட்டம் துருவேறி இருந்திருப்பினும், தலையோடு பிளாக்கும் வெடித்திருப்பினும், அல்லது எமக்குப் பத்தாண்டு உழைக்கும் வண்டி வேண்டியிருப்பினும் தமையனார் சொல்லே வென்றிருக்கும், வெல்லவும் வேண்டும். பழமையின்மேல் வைத்த அன்பும் புதுமையின்மேல் கொண்ட ஆசையும் இரண்டும் கணக்கறியா. அளந்து பார்த்து, தேவையின் கால அளவை வரையறுத்து, செலவின் எல்லையை முன்னரே குறித்துக்கொண்டு பின்னர்த் துணிதலே குடும்பத்திற்கு ஏற்றது. எம் தங்கை இவ்வாண்டுக் கட்டணத்தை உரிய நாளில் செலுத்திவிட்டாள். தமையனார் இப்பொழுதே மாதம் சிறு தொகையாகப் புதுவண்டிக்கென்று வங்கியில் சேர்த்து வருகின்றார்.