கரையில் சமாதானம், கடலில் பிழைப்பு

2018-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்கள் இறுதியில், இந்தோனேசிய நாட்டின் லெம்பாத்தா தீவிலுள்ள லமலேரா என்னும் சிற்றூரில் நான்கு நாட்கள் தங்கும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. உரோமையில் நம்மோடு பயின்ற அப்பகுதிக் குரு ஒருவர் பல ஆண்டுகளாக விடுத்து வந்த அழைப்பு அது. திமிங்கிலம் பிடிக்கும் ஊர் என்ற அளவில்தான் அதனைப்பற்றி நாம் அறிந்திருந்தோம். திரும்பி வந்தபோது நம் நெஞ்சில் தங்கியிருந்ததோ வேறொன்று. அதனையே வாசக நேயர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

உலகிலேயே மிகுதியான முஸ்லிம் மக்கள் வாழும் நாடுகளுள் முன்னிற்பது இந்தோனேசியா. ஆயினும் அதன் தென்கிழக்கிலுள்ள கிழக்கு நூசா தெங்காரா மாநிலத்தில் கத்தோலிக்கரே பெரும்பான்மையினர். புளோரஸ் தீவின் கீழ்முனையிலுள்ள லரந்துக்கா நகரில் போர்த்துக்கீசியர் காலந்தொட்டு விசுவாசம் வேரூன்றியுள்ளது. பெரிய வெள்ளியன்று அங்கே நிகழும் பவனி புகழ் பெற்றது. அந்த மறைமாவட்டத்தைச் சேர்ந்ததே லெம்பாத்தாத் தீவு. லரந்துக்காவிலிருந்து படகேறி, தீவின் தலைநகராகிய லெவொலேபாவை அடைந்தோம். அங்கிருந்து தென்கரைக்குச் செல்லும் மலைப்பாதை நம் எலும்புகளைச் சோதித்தது. பாதை முடிந்த இடத்தில், செங்குத்தான மலைச்சரிவிற்கும் சாவுக் கடலுக்கும் இடையே ஒட்டிக்கொண்டிருந்தது லமலேரா. 'சாவு' என்பது அக்கடலின் பெயர். நம் மொழியில் அது எவ்வாறு ஒலிக்கிறது என்று சொன்னபோது நண்பர் சிறிது நேரம் மௌனமாயிருந்தார்.

ஊர் இரு பகுதிகளாக உள்ளது. ஒன்று மேட்டில், மற்றொன்று கடலோரத்தில். நிலமெல்லாம் பாறை, பயிர் விளையாது. ஆகவே ஆடவர் கடலை நம்பினர். பெண்டிர் கடல் தந்ததைத் தலையில் சுமந்து மலையூர்களுக்கு நடந்தனர். திமிங்கிலத்தின் உலர்ந்த இறைச்சியைக் கொடுத்துச் சோளமும் வாழைக்காயும் கிழங்கும் பெற்று வருவர். அருகிலுள்ள வுலந்தோனிச் சந்தையில் சனிக்கிழமைதோறும் பண்டமாற்று நிகழ்கிறது. சந்தை வரியைக்கூடப் பண்டமாகவே வாங்கிக்கொண்டு, ஊதல் ஒலித்த பின்னரே கொடுக்கல் வாங்கல் தொடங்குகிறது.

இவர்கள் 'தேனா' என்றழைக்கும் படகு இரும்பு ஆணியின்றி, மரமுளைகளால் பலகைகளை இணைத்துக் கட்டப்படுவது. பனையினத்து ஓலையால் முடைந்த பாய் அதற்குண்டு. முன்முனையில் நீட்டியிருக்கும் மூங்கில் மேடையில் எறியுளியோடு நிற்பவர் 'லாமஃபா'. தலை பெருத்த, பல்லுடைய திமிங்கிலத்தை நெருங்கியதும் அவர் தம் உடல் எடை முழுவதையும் எறியுளிமேல் செலுத்திப் பாய்கிறார். எறிவதில்லை, தாமே எறியப்படுகிறார் என்று சொல்லத் தோன்றுகிறது. நீலத் திமிங்கிலத்தை இவர்கள் தொடுவதில்லை. மூதாதையரை அது காத்ததென்பது மரபு. காயமுற்ற விலங்கு படகை ஆழத்திற்கு இழுத்துச் செல்வதுமுண்டு. 1994-இல் சில படகுகள் அவ்வாறு நெடுந்தொலைவு இழுபட்டு, கரை திரும்ப வழியின்றி அலைய, பயணிகள் கப்பல் ஒன்று அம்மனிதர்களைக் காப்பாற்றியது.

1886-இல் இயேசு சபைக் குரு ஒருவர் இங்கே குழந்தைகளுக்குத் திருமுழுக்கு அளித்தார். 1920-களில் இறைவார்த்தைச் சபையைச் சேர்ந்த ஜெர்மானியரான பெர்னார்ட் போடே அடிகளார் ஊரோடு தங்கி உழைத்தார். இன்று கடலோரத்தில் புனித இராயப்பரின் சிற்றாலயம் நிற்கிறது. மே முதல் நாள் அதன் முன்னே நிறைவேறும் திருப்பலியோடு 'லெஃபா' எனும் கடற்பருவம் தொடங்கி அக்டோபர் வரை நீடிக்கிறது. பழைய வழக்கமும் மறைந்துவிடவில்லை. மண்ணின் மூத்த குடியினர் மலைமீதேறி, திமிங்கில வடிவப் பாறையருகே நின்று கடலின் கொடையை அழைக்கின்றனர்.

நம்மைத் தைத்தது இவற்றுக்கெல்லாம் முன்னர் நிகழ்வதொன்று. பருவம் தொடங்குமுன் குலங்களின் பெரியவர்கள் கடற்கரையிலே கூடுகின்றனர். கடந்த ஆண்டு வலையும் எறியுளியும் ஏன் பொய்த்தன, யாருக்கு யாரோடு மனத்தாங்கல், எந்தக் கைம்பெண்ணுக்குரிய பங்கு குறைந்தது என்பனவற்றை வெளிப்படையாகப் பேசித் தீர்க்கின்றனர். கரையில் பகையிருந்தால் கடல் தராது என்பது இவர்களின் அசையாத நம்பிக்கை. கயிறு அறுந்தாலும், படகு உடைந்தாலும் முதலில் எழும் கேள்வி, வீட்டில் கணவனும் மனைவியும் சண்டையிட்டார்களா, உடன்பிறந்தோர் பிணங்கியிருக்கிறார்களா என்பதுதான். குற்றம் வெளிப்பட்டு மன்னிப்புக் கேட்டபின்னரே படகு மீண்டும் நீரில் இறங்கும்.

இது மூடநம்பிக்கையன்றோ என்று குருமடத்தில் கற்ற நம் அறிவு முணுமுணுத்தது. அறுந்த கயிற்றுக்கும் வீட்டுச் சண்டைக்கும் என்ன தொடர்பு? அன்று இரவு நண்பர் விளக்கினார். பன்னிரண்டு பதின்மூன்று பேர் ஒரே படகில் உயிரைப் பணயம் வைக்கின்றனர். அருகிலிருப்பவன்மேல் கசப்புள்ளவன் கயிற்றைப் பிடிக்கும் கை ஒரு நொடி தயங்கினாலும் போதும். ஆகையால் சமாதானம் இவர்களுக்குப் பக்தி மட்டுமன்று. பாயையும் துடுப்பையும்போல் படகின் ஓர் உறுப்பு.

ஏப்ரல் 30 மாலை, கடலில் மரித்தோரின் ஆன்மாக்களுக்காகத் திருப்பலி நடைபெற்றது. நாமும் பீடத்தண்டை நின்றோம். இருள் சூழ்ந்தபின் மெழுகுதிரிகளை ஏற்றி நீரில் மிதக்கவிட்டனர். ஒரு மூதாட்டி தம் திரி அலையில் கவிழாமல் விலகிச் செல்லும்வரை முழங்காலளவு நீரில் நின்றிருந்தார். சமாதானத்தை ஒருவருக்கொருவர் அறிவித்த வேளையில் நம் கரங்கள் அயலாரின் கரங்களைப் பற்றின. மனமோ வேறெங்கோ இருந்தது.

உண்மையைச் சொல்லிவிடுகிறோம். பூர்வீக வீட்டைப் பற்றிய வழக்கில் நம் தமையனாரோடு ஆறாண்டுகளாக நாம் பேசவில்லை. அவர் அனுப்பிய இரு கடிதங்களுக்கும் மறுமொழி எழுதவில்லை. காணிக்கையைப் பீடத்தின்முன் வைத்துவிட்டு, முதலில் சகோதரனோடு ஒப்புரவாகச் சொன்ன ஆண்டவரின் கட்டளையைப் பற்றி இதற்கிடையே எத்தனை மறையுரைகள் ஆற்றியிருப்போம்! எழுத்தறிவு குறைந்த கடலோடி, தன் படகை நீரில் இறக்குமுன் செய்ததை நாம் பீடம் ஏறுமுன் செய்யவில்லை.

இவ்வூரைத் தேவலோகமாகச் சித்திரிப்பது நம் நோக்கமன்று. இளைஞர் பலர் நகரங்களுக்குப் போகின்றனர். இயந்திரப் படகுகளும் வலைகளும் வந்தபின் பங்கு பிரிப்பதிலும் பிணக்குகள் உண்டு. திமிங்கிலத்தைக் கொல்லலாமா என்ற கேள்வியும் நியாயமானதே. 2009-இல் சாவுக் கடலைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக்கும் திட்டம் வந்தபோது இம்மக்கள் அஞ்சி எதிர்த்தனர். இவர்கள் பிடிப்பது வயிற்றுக்கேயன்றி வணிகக் கப்பல்களுக்கன்று. கேள்வி கேட்போர், கைம்பெண்ணின் அடுப்பு எதனால் எரியும் என்பதையும் சேர்த்தே கேட்கட்டும் என்பதே நம் கருத்து. இத்தீவின் துன்பங்களும் பெரியவை. 1979 ஜூலையில் மலைச்சரிவால் எழுந்த பேரலை ஐந்நூறுக்கு மேற்பட்டோரை விழுங்கியது. 2020 நவம்பரில் லெவொதொலோக் எரிமலை பொங்கியது. 2021-இல் உயிர்ப்புப் பெருவிழாவன்றே புயல்மழையால் எரிமலைச் சேறும் பாறையும் சரிந்து ஊர்களைப் புதைத்தன. அச்செய்தி கேட்டு நண்பருக்கு எழுதினோம். லமலேரா மக்கள் நலம் என்று பதில் வந்தபின்னரே உறங்கினோம்.

2018 மே திங்களில் ஊர் திரும்பியதும், பங்கிற்குச் செல்லாமல் நேரே தமையனாரின் இல்லத்திற்குச் சென்றோம். கதவைத் திறந்த அண்ணியார் திகைத்து நின்றார். பின்னர் "உள்ளே வாங்க சாமி" என்றார். தமையனார் ஒன்றும் பேசவில்லை. நம் தட்டில் சோறு குறைந்ததைக் கண்டு தாமே எழுந்து பரிமாறினார். வீட்டின் வழக்கு இன்னும் முடிந்தபாடில்லை. ஆனால் கடிதங்களுக்கு இப்போது பதில் போகிறது.

நம் இல்லங்கள் ஒவ்வொன்றும் ஒரு படகுதான். அதனை நீரில் தள்ளுமுன் கரையில் தீர்க்க வேண்டியது ஏதேனும் உளதா என்று, அன்புக்குரிய குடும்பங்களே, இன்றிரவு செபமாலை முடிந்தபின் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வீர்களாக.