கடற்கரைச் சாலையும் தாழ்வார வீதிகளும்

புதுச்சேரியின் கிழக்கு விளிம்பில் வங்கக் கடலை ஒட்டிச் செல்லும் சாலைக்கு, முதலமைச்சராக விளங்கிய எதுவார் குபேரின் பெயர் சூட்டப்பட்டிருப்பினும், ஊர் ஜனங்கள் அதனைக் கடற்கரைச் சாலை என்றே வழங்குகிறார்கள். ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட நீளமே உடைய அச்சாலையில், தினந்தோறும் மாலை 6 மணிக்குக் காவலர்கள் தடுப்புகளை இழுத்து வைத்தபின், மறுநாள் காலை 7.30 மணி வரையில் வாகனங்கள் நுழைவதில்லை. பெருநகரங்கள் பல கோடி ரூபாய் செலவிட்டும் எளிதில் அடைய முடியாத பாக்கியத்தை, ஒரு கட்டளையும் சில இரும்புத் தடுப்புகளுமே இச்சிறு நகரத்துக்கு ஈட்டித் தந்திருக்கின்றன.

செஞ்சியிலிருந்து கொண்டுவரப்பட்ட எட்டுக் கருங்கல் தூண்களின் நடுவே நிற்கும் காந்தியடிகளின் சிலையும், 1836இல் முதன்முதலாக விளக்கேற்றப்பெற்ற பழைய கலங்கரை விளக்கமும், முதல் உலகப் போரில் உயிர்நீத்தவர்களுக்காகப் பிரெஞ்சுக்காரர் எழுப்பிய நினைவுச் சின்னமும் அச்சாலையின் அணிகலன்கள் என்பது உண்மையே. எனினும் அவற்றினும் மேலான காட்சி அங்கே கூடும் மனிதர்கள்தாம். ஒரு வீதி பாதசாரிக்கு உகந்ததா அன்றா என்பதை அறிய நெடிய ஆராய்ச்சி எதுவும் வேண்டியதில்லை. பேரனை அழைத்துவரும் பாட்டி அவன் கையை விடுகிறாளா என்று பார்த்தால் போதும். பகலெல்லாம் ஹார்ன் ஒலிக்கு அஞ்சி இறுகப் பற்றியிருந்த அந்தக் கை, இந்தச் சாலைக்கு வந்ததும் தானாகவே தளர்கிறது, குழந்தை ஓடுகிறது, பாட்டி சுவரோரம் அமர்ந்து, அறிமுகமில்லாத வேறொரு பாட்டியிடம் குடும்பக் க்ஷேமலாபங்களை விசாரிக்கத் தொடங்கிவிடுகிறாள். சுண்டல் விற்பவருக்கும் பலூன் விற்பவருக்கும் இதனால் ஜீவனம் நடக்கிறது. கரையின் மணல் கடலரிப்பில் கரைந்து, அலையைத் தடுக்கக் கருங்கற்களைக் கொட்ட நேர்ந்த துர்ப்பாக்கியத்தைக்கூட, அக்கற்களையே ஆசனமாக்கிக்கொண்டு இவ்வூரார் பொறுத்துக்கொண்டார்கள்.

ஆனால் நடுப்பகலில் அதே சாலைக்குச் செல்பவர்கள் ஒதுங்க நிழல் தேடி அலைய வேண்டியிருக்கும். வாகனத்தை விலக்குவதால் அச்சம் நீங்குமேயன்றி வெயில் நீங்காது. வெயிலுக்குப் பரிகாரம் கண்டவர்கள் யார் என்று அறிய விரும்புவோர், நகரை இரண்டாகப் பிரிக்கும் பெரிய வாய்க்காலைக் கடந்து மேற்கே தமிழர் பகுதிக்குச் செல்ல வேண்டும்.

1693இல் ஊரைக் கைப்பற்றிச் சில ஆண்டுகள் ஆண்ட டச்சுக்காரர் வகுத்த நேர்கோட்டு வீதிகளின் மேல், தமிழ்க் குடும்பங்கள் தமக்கே உரிய முறையில் வீடுகளை எழுப்பின. வாசற்கதவின் இருபுறமும் திண்ணை. அதற்கும் முன்னால், மரத்தூண்கள் தாங்க, ஓட்டுக்கூரை சரிந்து இறங்கும் தாழ்வாரம். திண்ணை வீட்டுக்கு வருவோருக்கு. தாழ்வாரமோ வீட்டாருக்கு யாதொரு சம்பந்தமும் இல்லாத வழிப்போக்கருக்கும் உரியது. சொந்தச் செலவில் கூரை வேய்ந்து, அதன் நிழலை ஊருக்குத் தானமாக விட்ட அந்த மனப்பான்மையை எத்தனை பாராட்டினாலும் தகும். வரிசையாக நின்ற வீடுகளின் தாழ்வாரங்கள் ஒன்றோடொன்று தொடர்ந்தபோது, வெயிலிலும் மழையிலும் வீதி முழுவதும் கூரையின் கீழேயே நடந்து செல்ல முடிந்தது. வைசியாள் வீதியில் ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு, பழைய கட்டடங்களைப் பேணும் இன்டாக் அமைப்பினர் வீட்டு முகப்புகளைப் பழைய வடிவில் செப்பனிட்டிருப்பதால், இன்றும் இதனைக் கண்ணாரக் காணலாம். மற்ற வீதிகளிலோ, அடுக்குமாடிகள் எழும்போது முதலில் பலியாவது தாழ்வாரம், அடுத்தது திண்ணை, பின்பு எஞ்சுவது இரும்புக் கதவும் அதன் முன் சாத்திவைத்த மோட்டார் சைக்கிளுமே.

கடைவீதிகளின் நிலை இதனினும் கவலைக்குரியது. நேரு வீதியில் இருசக்கர வண்டிகளின் நெருக்கத்தால் நடப்பவர்கள் நடுச்சாலைக்குத் தள்ளப்படுகிறார்கள். நிழலுள்ள வீதிகளில் வாகன பயமும், மாலைதோறும் வாகன பயம் நீங்கும் சாலையில் பகல் வெயிலும் இருக்கின்றன. ஒரே ஊரில், நடந்தே கடந்துவிடக்கூடிய தூரத்தில், ஒன்றின் குறைக்கு மற்றொன்று மருந்தாக இருந்தும் இரண்டும் சேரவில்லை என்பதே என் ஆதங்கம்.

சேர்க்க முடியாது என்பார்க்கு ஞாயிற்றுக்கிழமைதோறும் மகாத்மா காந்தி வீதியில் கூடும் சந்தையே விடை. நிலையான கடைகள் அடைத்திருக்க, அவற்றின் வாயிலெங்கும் துணிகளும் பாத்திரங்களும் பழைய புத்தகங்களும் பரப்பப்பட்டு, ஜனங்கள் தோளோடு தோள் உரசி நடக்கிறார்கள். வியாபாரம் குறைவதற்கு மாறாகப் பெருகவே செய்கிறது. கடற்கரையில் நிற்கும் அந்தத் தடுப்புகளை, வாரத்தில் சில மாலைகளேனும் நேரு வீதியின் முனைகளிலும் நிறுத்திப் பார்க்கலாம். புதிதாக எழும்பும் கடைகள் வீதியை நோக்கி ஒரு தாழ்வாரமும், அதன் கீழ் உட்கார ஒரு திண்ணையும் விட்டே ஆகவேண்டும் என்று நகராட்சி கட்டட விதிகளில் எழுதலாம். அவ்வாறு விடுகிறவர்களுக்கு வரியில் சிறிது சலுகை அளிப்பதும் நியாயமே.