சாய்வின் கணக்கு: குயிலாப்பாளையத்துப் பட்டறையும் பந்தயக் காரும்

கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து மேற்கே பிரிந்து ஆரோவிலுக்குச் செல்லும் சாலையில், விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தைச் சேர்ந்த குயிலாப்பாளையம் அமைந்துள்ளது. தார்ச்சாலையை விட்டு விலகினால் செம்மண் பாதைகளே இங்கு மிகுதி என்பதாலும், வாடகை ஸ்கூட்டர்கள் முதல் மூட்டை சுமக்கும் மொபெட்டுகள் வரை அவற்றில் நாள்தோறும் ஓடுவதாலும், இவ்வூர் இருசக்கர வாகனப் பட்டறைகளில் ஷாக் அப்சார்பர் பழுது அன்றாட வேலையாகிவிட்டது. பந்தயக் காரில் அக்கருவியை நிமிர்த்திப் பொருத்துவதா, சாய்ப்பதா, படுக்கவைப்பதா என்னும் பொறியியல் கேள்வியின் முதல் பாதிக்கு இப்பட்டறைகளிலேயே விடை கிடைக்கிறது.

வண்டியின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங்கின் வேலை. அமுங்கிய ஸ்பிரிங் மீண்டும் மீண்டும் துள்ளாமல் அடக்குவது அதனுள் இருக்கும் உருளையின் வேலை. உருளைக்குள் பிஸ்டன் நகரும்போது எண்ணெய் சிறு துளைகள் வழியே நெருக்கப்பட்டு, துள்ளலின் ஆற்றல் வெப்பமாக மாறுகிறது. ஸ்பிரிங்கைக் கழற்றிய ஷாக்கை மெக்கானிக் சோதிக்கும் முறை கவனிக்கத்தக்கது. தண்டைச் சுற்றிய ஆயில் சீலின் விளிம்பில் செம்புழுதி ஈரமாகப் படிந்திருக்கிறதா என்று முதலில் பார்க்கிறார். படிந்திருந்தால் எண்ணெய் கசிகிறது என்று பொருள். பிறகு உருளையை நிமிர்த்திப் பிடித்துத் தண்டைக் கையால் அமுக்குகிறார். வெகுநாள் அலமாரியில் படுக்கையாகக் கிடந்த ஷாக் என்றால், முதல் அமுக்கலில் தண்டு சிறிது தூரம் எதிர்ப்பே இல்லாமல் இறங்கி, அதன் பின்னரே கனக்கும். அந்த வெற்றிடம் மறையும்வரை சில தடவை இழுத்து அமுக்கிய பிறகே அதை வண்டியில் மாட்டுகிறார். புது ஷாக்குக்கும் இது பொருந்தும். அவசரத்தில் இதைத் தவிர்ப்பவர்களும் உண்டு.

இதற்குக் காரணம் இரட்டைக் குழாய் அமைப்பு. பிஸ்டன் இயங்கும் உட்குழாயைச் சுற்றி, பாதி எண்ணெயும் பாதி காற்றுமாக ஒரு வெளிக்குழாய் இருக்கிறது. இரண்டையும் அடியிலுள்ள வால்வு இணைக்கிறது. நிமிர்ந்த நிலையில் காற்று மேலே தங்கிவிடும். மிகவும் சாய்த்தாலோ கவிழ்த்தாலோ காற்று அந்த வால்வை எட்டி உட்குழாய்க்குள் புகுந்துவிடும். எண்ணெய் நுரைத்து, அடக்கும் திறன் போய்விடும். ஆகவே இவ்வகை ஷாக்கை ஓரளவுக்கு மேல் சாய்க்க முடியாது.

இத்தடையை நீக்கியது, பிரெஞ்சுப் பொறியாளர் கிறிஸ்தியான் பூர்சியே த கார்போன் 1950களில் உருவாக்கிய ஒற்றைக் குழாய் அமைப்பு. அழுத்தப்பட்ட நைட்ரஜனையும் எண்ணெயையும் ஒரு மிதக்கும் பிஸ்டன் பிரித்து வைப்பதால் இதை எப்படியும் பொருத்தலாம். கனமான உருளைப் பகுதியை வண்டியின் உடலோடும் மெல்லிய தண்டைச் சக்கரத்தோடும் இணைத்துத் தலைகீழாக மாட்டினால், சக்கரத்தோடு சேர்ந்து துள்ளும் எடையும் குறைகிறது. பெல்ஜியத்தைச் சேர்ந்த லூசியன் தில்கென்ஸின் யோசனையை ஏற்று, பெட்ரோல் டேங்குக்கு அடியில் ஒற்றை ஷாக்கைக் கிட்டத்தட்டப் படுக்கவைத்த யமஹா மோட்டோகிராஸ் வண்டியில் ஹோகன் ஆண்டர்சன் 1973இல் 250 சிசி உலகப் பட்டத்தை வென்றார்.

எண்ணெயின் தடை நீங்கினாலும் கோணத்தின் தடை நீங்குவதில்லை. சக்கரம் நேராக மேலே எழும்போது, நிலைக்குத்திலிருந்து 30 பாகை சாய்ந்த ஸ்பிரிங்கின் விறைப்பு சக்கரத்தில் முக்கால் பங்காகவும், 45 பாகை சாய்ந்ததன் விறைப்பு பாதியாகவும் குறைகிறது. சாய்வு இரண்டு இடங்களில் வெட்டுவதே இதற்குக் காரணம்: சக்கரம் எழும் தூரத்தில் ஒரு பகுதியே ஸ்பிரிங்கை அமுக்குகிறது, அவ்வாறு அமுங்கிய ஸ்பிரிங்கின் விசையிலும் ஒரு பகுதியே செங்குத்தாகச் செயல்படுகிறது. மேல்முனை உட்பக்கமாகச் சாய்ந்திருக்கும் காரில், சக்கரம் எழ எழ ஷாக் மேலும் படுத்து விறைப்பு இன்னும் குறைகிறது. அமுங்கும்போது கூட வேண்டியது குறைவது பந்தயக் காருக்குக் கேடு.

எனவேதான் ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களில் ஷாக்கைச் சக்கரத்தருகே வைக்காமல் உடலுக்குள் கொண்டுசெல்கிறார்கள். சக்கரத்தின் கைகளிலிருந்து புறப்படும் சாய்வான கம்பி, ராக்கர் எனப்படும் முக்கோண நெம்புகோலைத் திருப்ப, அது படுக்கையாக இருக்கும் ஷாக்கை அமுக்குகிறது. கம்பி தள்ளினால் புஷ்ராட், இழுத்தால் புல்ராட். சாய்வால் இழந்த விறைப்பை ராக்கரின் கைநீளத்தை மாற்றியே மீட்டுவிடலாம், விறைப்பு ஏறுமுகமாகவும் அமைக்கலாம். காற்றோட்டத்தை மறிக்கும் பொருளும் ஒன்று குறைகிறது. ராக்கரின் தாங்கியில் சிறு தளர்வு விழுந்தாலும் இந்தக் கணக்கு முழுவதும் பொய்த்துவிடும் என்பது இவ்வமைப்பின் பலவீனம்.

தமிழ்நாட்டில் பந்தயக் கார் கட்டும் தொழிலுக்கு வேர் உண்டு. கோவையில் எஸ். கரிவர்தன் 1980களின் இறுதியில் மாருதி எஞ்சினைக் கொண்டு ஃபார்முலா மாருதி கார்களை உருவாக்கினார். 1995இல் விமான விபத்தில் மறைந்த அவர் பெயரையே செட்டிப்பாளையத்துப் பந்தயத்தடம் தாங்குகிறது. அங்கு நடைபெறும் ஃபார்முலா பாரத் போட்டிக்குப் பொறியியல் மாணவர்கள் தாங்களே கட்டிய கார்களுடன் வருகிறார்கள். 2024 ஆகஸ்டு இறுதியில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி நடந்த இரவுப் பந்தயத்தில் ஓடிய ஃபார்முலா 4 கார்களிலும் புஷ்ராட் அமைப்பே இருந்தது.

பந்தயக் காரைப் பார்த்துத் தம் வண்டியின் ஷாக்கையும் படுக்கவைக்க விரும்பி, புதுத் தாங்கி பற்றவைக்கச் சொல்லும் இளைஞர்களை மறுத்தனுப்பும் மெக்கானிக் செய்வதே சரி. ராக்கரும் நைட்ரஜனும் இல்லாத சாய்வு வெறும் தளர்ச்சியையே தரும். ஷாக் மாற்ற வருவோர் கேட்டுப் பெறவேண்டியவை இரண்டே: நிமிர்த்தி அமுக்கிப் பார்த்த ஷாக், கம்பெனி வைத்த அதே கோணம்.