ஜொன்ஜு நகரில் நல்ல சாப்பாட்டுக் கடை தேடுவது எப்படி?

கொரியாவில் மகனோ சகோதரனோ தொழில் பார்க்கும் வீடுகள் இன்று நம் ஊர்களில் பல உள்ளன. 2004 ஆம் ஆண்டு கொரிய அரசாங்கம் ஆரம்பித்த தொழில் அனுமதித் திட்டத்தில் முதலில் இணைந்த நாடுகளுள் இலங்கையும் ஒன்றாகும். அங்கிருந்து அழைப்பு வந்தால், சம்பளத்தைப் பற்றிக் கேட்கு முன்னர் உம்மாமார் கேட்பது, “மகன், என்ன சாப்பிட்டீங்க?” என்பதுதான். அந்த ஒரு கேள்விக்குள் இரண்டு கேள்விகள் அடங்கியுள்ளன. வயிறு நிறையச் சாப்பிட்டாரா என்பது ஒன்று. ஹலாலாகச் சாப்பிட்டாரா என்பது மற்றொன்று. கொரியர்களே சாப்பாட்டுக்குப் பேர்போன ஊர் என்று சொல்லும் ஜொன்ஜு நகரைப் பற்றி எழுதினால், இவ்விரண்டுக்கும் சேர்த்தே விடை கூறலாம்.

தலைநகர் சியோலிலிருந்து தெற்கே விரைவுப் புகையிரதத்தில் இரண்டு மணித்தியாலத்துக்குள் ஜொன்ஜுவை அடையலாம். ஆறு இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழும் நடுத்தர நகரம். 1392 இல் ஆட்சிக்கு வந்த ஜோசொன் அரச குடும்பத்தின் பூர்வீக ஊர் இது. அக்குடும்பத்தின் முதல் மன்னரது உருவப்படத்தை வைப்பதற்காக 1410 இல் எழுப்பிய மண்டபம், 1614 இல் மீளக் கட்டப்பட்ட வடிவில், இன்றும் பழைய ஓட்டு வீடுகளின் நடுவே நிற்கிறது. நகரைச் சுற்றிப் பரந்த நெல்வயல்கள், மேற்கே கடல், கிழக்கே மலை. நல்ல அரிசியும் மீனும் மரக்கறியும் ஒரே சந்தையில் வந்து சேர்ந்தால் அங்கே சமையல் வளர்வதில் வியப்பில்லை. 2012 இல் யுனெஸ்கோ நிறுவனம் இந்நகரைச் சமையற்கலை நகரங்களுள் ஒன்றாக அறிவித்தது.

ஜொன்ஜு என்றதும் எல்லோரும் சொல்வது பிபிம்பாப் என்னும் சோற்றைத்தான். ஒரு பெரிய கிண்ணத்தில் சோறு. அதன் மேல் சோயா முளை, கரட், காளான், மலைக்கீரை வகைகள், பாசிப்பயற்று மாவில் செய்த மஞ்சள் நிறக் களி, நடுவில் ஒரு முட்டை மஞ்சட்கரு. கோச்சுஜாங் என்னும் சிவந்த மிளகாய் விழுதைச் சேர்த்துக் குழைத்துச் சாப்பிடுகிறார்கள். பார்வைக்கு மரக்கறிச் சோறு போலவே இருக்கும். ஆனால் ஜொன்ஜு முறையில் மேலே மாட்டிறைச்சியும் வைப்பார்கள். பல கடைகளில் அதைப் பச்சையாகவே வைப்பார்கள். இறைச்சியை எடுத்துவிடச் சொன்னால் மட்டும் போதாது. பழைய முறைப்படி அந்தச் சோற்றையே மாட்டெலும்பு அவித்த நீரில் சமைக்கும் வழக்கம் உண்டு. எனவே ஊரின் பெருமையான உணவுதான் நம்மவர் அதிகம் விசாரித்துச் சாப்பிட வேண்டிய உணவாகும்.

அதைவிட எளிமையானது கொங்நமுல் குக்பாப். சோயா முளை போட்ட சூடான சாற்றில் சோறு. சந்தைத் தொழிலாளிகள் காலையில் குடித்துவிட்டு வேலைக்குப் போகும் உணவு. பெரும்பாலும் நெத்தலிக் கருவாட்டை அவித்தே சாற்றை எடுப்பார்கள். நாம் சம்பலுக்கு இடும் கூனி போன்ற உப்பிட்ட சிறு இறாலும் அதில் சேரும். பக்கத்தில் சிறு கிண்ணத்தில் அரைவேக்காட்டு முட்டை வரும். அதில் சாறு சில கரண்டி விட்டு, கருநிறத் தாள் போல் காயவைத்த கடற்தாவரத்தைக் கிள்ளிப் போட்டுச் சாப்பிட வேண்டும். நாம் நோன்பு காலத்தில் காய்ச்சும் கடற்பாசி அல்ல, இது வேறு வகை. சில கடைகளில் இறைச்சியும் சேர்ப்பதால் இங்கும் ஒரு வார்த்தை கேட்டே உட்கார வேண்டும்.

இந்தச் சாற்றுடன் மோஜு என்னும் பானத்தை நீட்டுவார்கள். இஞ்சியும் கறுவாவும் மணக்கும். நம் வீட்டுக் கஷாயம் போலிருக்கும். அரிசி மதுவைக் காய்ச்சியே அதைச் செய்கிறார்கள். காய்ச்சிய பின்னரும் அதில் மதுவின் பகுதி எஞ்சியிருக்கிறது. போத்தலில் அடைத்து அன்பளிப்புப் பொருளாகவும் விற்பதால், ஊருக்கு வரும் பிள்ளைகள் அறியாமல் வாங்கிவிடக் கூடாது.

சரி, நல்ல கடையை எப்படிக் கண்டுபிடிப்பது? கொரியாவில் நல்ல கடைகள் பெரும்பாலும் ஒன்றிரண்டு உணவுகளையே சமைக்கும். மேசைக்கு வரும் கிம்ச்சி, கீரை முதலிய சிறு கறிகளுக்குத் தனியாகக் காசில்லை. முடிந்தால் மீண்டும் கேட்கலாம். அந்தச் சிறு கறிகள் புதிதாகவும் சுத்தமாகவும் இருந்தால் அந்தச் சமையற்கட்டை நம்பலாம்.

நம்மவருக்கு உதவும் இன்னொன்று கடைச் சுவரில் இருக்கிறது. அரிசி, மாட்டிறைச்சி, பன்றியிறைச்சி, கோழி, கிம்ச்சிக்கான கோவா ஆகியன எந்த நாட்டிலிருந்து வந்தவை என்று காட்டும் பலகையைச் சாப்பாட்டுக் கடைகள் சட்டப்படி வைக்க வேண்டும். அந்தப் பலகையில் பன்றியிறைச்சிக்குரிய வரி இருந்தால், அந்தச் சமையற்கட்டில் அது சமைக்கப்படுகிறது என்று விளங்கிக்கொள்ளலாம். யாரிடமும் கேட்காமலே வாசலில் நின்று தெரிந்துகொள்ளக்கூடிய விஷயம் இது.

சில சொற்களை மனனம் செய்வது அவசியம். தொயெஜிகோகி என்றால் பன்றியிறைச்சி. சொகோகி என்றால் மாட்டிறைச்சி. சுல் என்றால் மது. ஜுஜொங் என்பது மதுசாரம். கோச்சுஜாங், சோயா சோஸ் போன்றவை கெடாதிருக்க அதைச் சேர்ப்பதுண்டு. பொதியின் பின்புறத்தில் அச்சொல்லைக் காணலாம். சமையலுக்கு ஊற்றும் மதுவை மட்சுல் என்பார்கள். மீனின் வாடையைப் போக்க அதைப் பயன்படுத்துவதால், மீன் கடையிலும் கேட்க வேண்டும்.

ஒரு சிறு கடையில் இதைக் கேட்டபோது, அங்கு சமைத்த நடுவயதுப் பெண்மணி உள்ளே சென்று தாம் பயன்படுத்தும் போத்தலையே எடுத்து வந்து மேசையில் வைத்தார். அச்சொல்லைத் தம் விரலால் தொட்டுக் காட்டி, “வேண்டாம்” என்று தலையசைத்து, முட்டையும் கீரையும் சோறும் தந்தார். அவர் நம் மார்க்கத்தை அறிந்தவரல்லர். ஆயினும் கேட்டவருக்கு உண்மை சொன்னார். நல்ல கடைக்கு என்னிடமுள்ள இலக்கணம் அதுதான்.

இந்தக் காரணத்தால்தான் ஜொன்ஜுவின் புதிய கடைகளையும் பார்க்கச் சொல்கிறேன். நம்பு சந்தை அந்நகரின் பழைய சந்தை. அதன் மேல்மாடி நெடுங்காலம் பயனின்றிக் கிடந்தது. 2012 இல் இளைஞர்கள் சிலர் அங்கே சிறு சிறு கடைகளைத் திறந்தனர். தேநீர், கைவினைப் பொருள், சிற்றுண்டி என ஒவ்வொருவருக்கும் ஓர் அறை. “அளவோடு சம்பாதிப்போம், மிக நன்றாக வாழ்வோம்” என்பது அவர்கள் வைத்துக்கொண்ட வாசகம். பேராசையின் காலத்தில் போதுமென்ற மனதைப் பேசும் அந்த வாசகம் நமக்கும் உவப்பானதே. இத்தகைய கடைகளில் சமைப்பவரும் பரிமாறுபவரும் ஒருவரே. ஆகவே கேட்ட கேள்விக்கு அங்கேயே விடை கிடைக்கும். உல்லாசப் பயணிகள் நிறைந்த பெரிய உணவகங்களில் பரிமாறும் பையனுக்குச் சாற்றில் என்ன போட்டார்கள் என்பதே தெரியாதிருக்கலாம். வெள்ளி, சனி இரவுகளில் அச்சந்தையில் கூடும் இரவுச் சந்தையில் நெரிசல் அதிகம். விசாரித்து உண்ண விரும்புவோருக்குப் பகல் நேரமே ஏற்றது.

ஜொன்ஜுவில் அபூபக்ர் ஸித்தீக் (ரழி) அவர்களின் பெயரில் ஒரு பள்ளிவாசலும் உண்டு. ஜும்ஆவுக்கு வருவோரிடம் கேட்டால் ஹலால் இறைச்சி விற்கும் இடத்தை அறிந்துகொள்ளலாம். வாரத்தில் ஒருநாள் நண்பர்கள் சேர்ந்து தாமே சமைத்தால் செலவும் குறையும், மனமும் ஆறும்.

சகோதரிகளே! கொரியா செல்லும் பிள்ளைகள் பரீட்சைக்காக மாதக்கணக்கில் அம்மொழியைப் படிக்கிறார்கள். புறப்படுமுன் மேலே சொன்ன ஐந்து சொற்களையும் அவர்களது ஆசிரியரைக் கொண்டு கொரிய எழுத்தில் ஒரு சிறு அட்டையில் எழுதுவித்துப் பணப்பையில் வைக்கச் சொல்லுங்கள். மிளகாய்த்தூளும் மாசியும் பொதி செய்து கொடுக்கும் அக்கறையோடு இதையும் கொடுங்கள். சந்தேகம் தீராத இடத்தில் முட்டையும் முளையும் வெறும் சோறும் ஒருவேளைக்குப் போதுமானவை என்பதையும் சொல்லி அனுப்புங்கள். கேட்பதற்கு வெட்கப்படாத பிள்ளை எந்த ஊரிலும் பட்டினி கிடக்காது. அல்லாஹ் அவர்களது உணவில் பரக்கத் செய்வானாக.