ஐயாயிரமா, பத்தாயிரமா?

காருக்கு எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை இன்ஜின் ஆயில் மாற்றுவது என்று நாலு பேரிடம் கேட்டால் ஐந்து பதில் வரும். பக்கத்து வீட்டுக்காரர் 5,000 என்பார். காரோடு வந்த கையேடு, 10,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு, எது முதலில் வருகிறதோ அது என்கிறது. சிந்தெடிக் ஆயில் விற்பவர் 15,000 வரை கவலையே வேண்டாம் என்கிறார். அம்பாசடர் வைத்திருந்த தலைமுறையோ கேஜை உருவிப் பார்த்து, குறைந்தால் ஊற்றி, மறுபடி குறைந்தால் மறுபடி ஊற்றிக் காலத்தை ஓட்டியது.

கோவையில் எனக்கொரு நண்பர். வீட்டிலிருந்து அலுவலகம் மூன்று கிலோமீட்டர். அவருடைய ஸ்விஃப்ட் ஆண்டுக்கு 4,000 கிலோமீட்டர்கூட ஓடாது. ‘பத்தாயிரம் ஓட எனக்கு ரெண்டரை வருஷம் ஆகுமுங்க. வருஷா வருஷம் நல்ல ஆயிலை எதுக்குக் கீழ ஊத்தணும்?’ என்று எல்லோரிடமும் கேட்டுக்கொண்டிருந்தார். போலி ஆயில் டப்பாக்கள் பிடிபட்ட செய்தி ஒன்றை நான் அவருக்கு அனுப்பினேன். ‘என்ற மேஸ்திரியப் பாருங்க, உங்களுக்கு ஒரு கட்டுரையே தேறும்’ என்று பதில் வந்தது.

சத்தி சாலையிலிருந்து கணபதிக்குள் திரும்பும் சந்து. இரண்டு பக்கமும் லேத் பட்டறைகள். இரும்புச் சுருள் குவிந்த வாசல்களைத் தாண்டிப் போனால் தகரக் கூரை போட்ட மேஸ்திரியின் ஷெட். காரைத் தூக்கும் லிஃப்ட் இல்லை. நடுவில் ஆள் நிற்கும் ஆழத்துக்கு ஒரு பள்ளம். ‘பிட்’ என்கிறார்கள். அதற்குள் ஒடிசாவிலிருந்து வந்த ஒரு பையன் நின்றுகொண்டிருந்தான். ‘லைட்டக் கொஞ்சம் இக்கட்ட புடிங்ண்ணா’ என்று என்னிடமே வேலை சொன்னான். கொங்குத் தமிழ் அவனுக்கு என்னைவிட நன்றாக வந்தது.

மேலே ஒரு டீசல் டிசையர். கால் டாக்சி. வண்டி ஓடி வந்த சூட்டோடு இருக்கும்போதே ஆயிலை இறக்க வேண்டும் என்றார் மேஸ்திரி. சூட்டில் ஆயில் இளகியிருக்கும், அழுக்கையும் சேர்த்துக்கொண்டு முழுதாக வடியும். ஆறவிட்டால் பாதிக் கசடு அடியிலேயே தங்கிவிடும். பையன் ரிங் ஸ்பேனரை டிரெயின் போல்ட்டில் மாட்டி ஒரு வெட்டு வெட்டினான். கறுப்பாக, சன்னமான நூலாகி அறுபடும்வரை ஆயில் இறங்கியது. ஃபில்ட்டரைக் கழற்றிய விதத்தையும் ஏர் ஃபில்ட்டரைத் தட்டியதையும் விட்டுவிடுகிறேன். போல்ட்டைத் திரும்பப் பூட்டிய விதத்தைத்தான் சொல்ல வேண்டும்.

பையன் ஸ்பேனரின் நுனியைப் பிடித்தான். மேலிருந்தபடியே மேஸ்திரி ஒரு சத்தம் போட்டார். பிடி ஸ்பேனரின் நடுவுக்கு வந்தது. நுனியில் பிடித்தால் கைக்கு பலம் கூடிவிடும், போல்ட் தேவைக்கு மேல் இறுகும், அடியில் ஆயில் தங்கும் சம்ப்பில் இருக்கும் மரை போய்விடும். அவருடைய பட்டறையில் டிரெயின் போல்ட்டுக்கு நீட்டுப் பைப் போடுவது தடை. வாஷரும் ஒவ்வொரு முறையும் புதியது. சில ரூபாய்ச் சாமான்தான். பழைய வாஷர் ஏற்கெனவே நசுங்கி உட்கார்ந்துவிட்டதால் கசியும். கசிவை நிறுத்த இன்னும் இறுக்குவார்கள். இறுக்க இறுக்க மரை போகும்.

இந்தப் பிடிவாதத்துக்குப் பின்னால் ஒரு கதை இருந்தது. எண்பதுகளின் நடுவில், பன்னிரண்டு வயதில், ராம் நகரில் ஒரு அம்பாசடர் பட்டறையில் சேர்ந்தவர் இவர். முதல் வேலை வண்டிக்கு அடியில் தட்டு வைப்பது. ஒழுகாத அம்பாசடர் இல்லை என்பதால் அது தினசரி வேலை. ஆயில் அப்போது பேரலில் வரும், அளந்து ஊற்றுவார்கள். சம்பளம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது, சாப்பாடும் தீபாவளிக்குத் துணியும்தான். சத்தத்தை வைத்து இன்ஜினைப் படிக்க அங்கேதான் பழகினார். ‘அடியில டக்கு டக்குன்னு கனமா கேட்டா பேரிங், மேல டிக்கு டிக்குன்னா வால்வு. தப்பாச் சொன்னா முட்டியில ஸ்பேனர் விழும்.’ தொண்ணூறுகளில் புது மாடல் கார்கள் வந்தன. ஒரு வண்டிக்கு அலுமினியச் சம்ப். அம்பாசடரில் பழகிய கையால் இறுக்கினார். மரை மொத்தமாக உருண்டுவிட்டது. புதுச் சம்ப்புக்கான காசைச் சம்பளத்தில் பிடித்தார்கள். ‘அன்னைக்குத்தானுங்க தெரிஞ்சுது, இறுக்கறதுன்னா பலம் இல்ல, நிறுத்தத் தெரியறதுன்னு.’

வடிந்த ஆயிலின் நிறத்தைப் பார்த்து, ‘இவ்வளவு கறுப்பாகும்வரை ஓட்டியிருக்கிறாரே’ என்றேன். மேஸ்திரிக்குச் சிரிப்பு வந்தது. டீசல் வண்டியில் புது ஆயில் ஊற்றிச் சில நூறு கிலோமீட்டரிலேயே கறுத்துவிடும் என்றார். அது கெட்டுப்போனதன் அடையாளம் அல்ல. இன்ஜின் ஆயில் என்பது வெறும் எண்ணெய் இல்லை. மணலி போன்ற சுத்திகரிப்பு ஆலைகளில் எடுக்கும் அடிப்படை எண்ணெயோடு பல வேதிப்பொருள்களைக் கலக்கிறார்கள். அவற்றில் சில, கரித்துகள்களைப் பிரித்துத் தம்மோடு மிதக்கவைக்கும். கரி இன்ஜினுக்குள் படியாமல் ஆயிலில் தங்குவதால்தான் நிறம் மாறுகிறது. ‘கறுப்பாயிருச்சு மாத்துங்கன்னு கேஜக் காட்டிக் காசு கேக்கறவன நம்பாதீங்க’ என்றார். அவர் பார்ப்பது வேறு: கேஜில் பெட்ரோல் வாடை வருகிறதா, ஆயில் மூடியின் உட்புறத்தில் வெண்ணெய் படிந்தாற்போல் இருக்கிறதா, அளவு குறைவதற்குப் பதில் ஏறியிருக்கிறதா.

அளவு ஏறுவது எனக்குப் புதிய செய்தி. பிஎஸ்-6 டீசல் கார்களின் புகைக்குழாயில் கரியைப் பிடித்துவைக்கும் ஒரு வடிகட்டி உண்டு. அது நிறைந்ததும் வண்டி தானாகவே கூடுதல் டீசலைத் தெளித்து அந்தக் கரியை எரிக்கும். அதற்கு நல்ல சூடும் நீண்ட ஓட்டமும் வேண்டும். ஊருக்குள்ளேயே சுற்றி, பாதி எரிந்துகொண்டிருக்கும்போது சாவியைத் திருப்பி அணைத்துவிட்டால், எரியாத டீசல் சிலிண்டர் சுவரில் வழிந்து ஆயிலோடு சேர்கிறது. கேஜில் அளவு மேல் கோட்டைத் தாண்டுகிறது. ஆயில் ஏறியிருக்கிறதே என்று சந்தோஷப்படும் ஓனர்களும் உண்டாம்.

நண்பரின் கேள்விக்கும் பதில் இங்கேதான் இருந்தது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. பெரும்பகுதி புகையோடு ஆவியாக வெளியேறிவிடும். கொஞ்சம் பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கீழே இறங்கும். நீண்ட தூரம் ஓடும் வண்டியில் ஆயில் கொதிசூடாகி அந்த ஈரத்தை விரட்டிவிடுகிறது. மூன்று கிலோமீட்டரில் அது நடக்காது. டாஷ்போர்டில் சூட்டு முள் நடுவுக்கு வந்துவிடும், ஆனால் அது கூலன்ட்டின் சூடு. ஆயில் சூடாக இன்னும் நேரம் பிடிக்கும். அதற்குள் அலுவலகம் வந்துவிடுகிறது. தண்ணீரும் எரியாத பெட்ரோலும் தங்கித் தங்கி அமிலம் உண்டாகிறது, அமிலத்தை முறிக்க ஆயிலில் கலந்த சரக்கு தீர்ந்துபோகிறது. கிலோமீட்டர் கணக்கில் இது எதுவும் ஏறாது. குறுந்தூர ஓட்டம், புழுதி, நின்று நின்று போகும் நெரிசல், மலையேற்றம் இவற்றையெல்லாம் கையேடுகள் ‘கடினப் பயன்பாடு’ என்று தனியாக எழுதி, இடைவெளியைக் குறைக்கச் சொல்கின்றன. அந்தப் பக்கத்தை யாரும் புரட்டுவதில்லை. கதவோரம் ஒட்டும் ஸ்டிக்கரில் நண்பரின் காருக்கு மேஸ்திரி தேதியை மட்டும் எழுதினார். கிலோமீட்டர் கட்டத்தில் ஒரு கோடு.

டாக்சி டிசையரின் கணக்கு நேர் எதிர். ஒரு நாளைக்கு முந்நூறு கிலோமீட்டர், பத்தாயிரம் தாண்ட ஒரு மாதமும் சில நாள்களும் போதும். பெரும்பாலும் நெடுஞ்சாலை என்றால் அந்த ஆயில் பத்தாயிரத்திலும் தெம்பாகவே இருக்கும். ஆனால் இந்த வண்டி வாரம் இருமுறை மேட்டுப்பாளையம் வழியாக ஊட்டி ஏறுகிறது, ஆள் நிறைந்து, ஏசி போட்டு, தாழ்ந்த கியரில். ஆகவே இதற்கு ஏழாயிரத்தில் மாற்றுகிறார். ஃபியட்டிடமிருந்து வந்த இதன் 1.3 லிட்டர் டீசல் இன்ஜினில் டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் பாகம் ஆயில் அழுத்தத்தில் வேலை செய்கிறது. ஆயில் கசடு பட்டால் செயின் தளரும். காலையில் ஸ்டார்ட் செய்யும்போது இரண்டு விநாடி கலகலவென்று சத்தம் வரும். அதை அலட்சியப்படுத்தினால் செயின் தாவி, வால்வும் பிஸ்டனும் மோதி, இன்ஜினை இறக்க வேண்டியதுதான். 2020 ஏப்ரலோடு மாருதி டீசல் கார் செய்வதையே நிறுத்திவிட்டது. ஓடிக்கொண்டிருப்பவை பெரும்பாலும் லட்சங்களைத் தாண்டிய வண்டிகள்.

ஆயிலின் கனம் பற்றியும் அவரோடு கொஞ்சம் வாக்குவாதம். டப்பாவில் 5டபிள்யூ-30 என்று போட்டிருப்பதில் முதல் எண் குளிரில் எப்படி ஓடும் என்பது, இரண்டாவது எண் சூட்டில் எவ்வளவு கனம் என்பது. கோவையில் என்ன பனியா பெய்கிறது, பழைய 20டபிள்யூ-40 ஊற்றினால் என்ன என்று கேட்டேன். தானும் பல வருடம் அப்படித்தான் நினைத்ததாகச் சொன்னார். 0டபிள்யூ-20 முதன்முதலில் வந்தபோது தண்ணீர் என்று திட்டியிருக்கிறார். இப்போதைய இன்ஜின்களில் ஆயில் போகும் பாதைகள் குறுகல், பாகங்களுக்கு நடுவே இடைவெளி நூலளவு. கனமான ஆயில் மேலே ஏறுவதற்குள் கேம் ஷாஃப்ட் வறண்டு உரசும். ஆயில் கம்பெனி நடத்திய ஒரு வகுப்பில் இதைக் கேட்டு, நம்பாமல் வந்து, திறந்து பார்த்த இன்ஜின்களில் நம்பினார்.

அந்த வகுப்பில் பிரியாணியும் போட்டார்களாம். அங்கிருந்துதான் காசுக் கதை ஆரம்பிக்கிறது. டப்பா மூடிக்குள் மெக்கானிக்குக்கு ஒரு கூப்பன் இருக்கும். ஸ்கேன் செய்தால் புள்ளிகள், புள்ளிகள் சேர்ந்தால் மிக்சி, சுற்றுலா. ஆயில் மாற்றும் கூலி இந்தச் சந்தில் இருநூறு, முந்நூறு. லாபம் டப்பாவில்தான் இருக்கிறது, கையில் இல்லை. அப்படியிருக்க மெக்கானிக் ஐயாயிரத்தில் மாற்றச் சொல்வதில் என்ன அதிசயம்? வேலை தெரிந்த கைக்கு இருநூறு ரூபாய் கொடுக்கக் கணக்குப் பார்க்கிற நாம், பளபளப்பான சர்வீஸ் கூடங்களில் ‘இன்ஜின் ஃப்ளஷ்’, ‘ஆயில் ட்ரீட்மென்ட்’ என்று கையேட்டில் இல்லாத வரிகளைப் பில்லில் கண்டும் கார்டைத் தேய்த்துவிட்டு வருகிறோம். வண்டியை வீட்டிலிருந்து எடுத்துப்போகும் செயலிகள் புதிதாக வந்திருக்கின்றன. வேலை இதே சந்துக்குத்தான் வருகிறது, மேஸ்திரியின் கூலியில் ஒரு பங்கு போய்விடுகிறது. ஸ்பேனரைத் தொடாதவனுக்கு எல்லாம் இந்தத் தொழிலில் பங்கு உண்டு. பிட்டுக்குள் நிற்கும் பையனுக்கு மட்டும் வாரக்கூலி.

காலி டப்பாவுக்கும் விலை இருக்கிறது. நல்ல கம்பெனி டப்பா முழுசாகக் கிடைத்தால் அதில் மட்டமான எண்ணெயை அடைத்து, மூடி ஒட்டி, திரும்ப விற்கிறார்கள். அதனால் மேஸ்திரி ஆயிலை ஊற்றி முடித்ததும் ஆணியும் சுத்தியலும் எடுத்து டப்பாவில் இரண்டு ஓட்டை போடுகிறார், வாடிக்கையாளரின் கண்ணெதிரே. ஓட்டையில்லாத டப்பாவுக்குக் காயலான் கடைக்காரர் அதிகம் தருவாராம். அதை வேண்டாம் என்பவர்கள் இந்தச் சந்தில் எத்தனை பேர் என்று கேட்டேன். பதில் சொல்லாமல் அடுத்த டப்பாவை எடுத்தார்.

பையனின் கைகளைப் பார்த்தேன். திருப்பூரிலிருந்து மூட்டையாக வரும் பனியன் வேஸ்ட்டில் துடைக்கிறான், பிறகு சோப்புத் தூளும் மரத்தூளும் கலந்து தேய்க்கிறான். நகக்கண்ணில் கறுப்பு போவதில்லை. ஓடிய ஆயிலில் எரிபொருள் எரிந்து உண்டான நச்சுகள் இருக்கின்றன, அது நெடுநாள் தோலில் படுவது புற்றுநோய்வரை கொண்டுபோகலாம். கையுறை இருக்கிறதா என்றேன். ஒரு டப்பா இருக்கிறது, திறந்துகூட இருக்கிறது. அதைப் போட்டால் போல்ட் கைக்குத் தெரியவில்லை என்கிறான்.

மதியத்துக்கு மேல் வேஸ்ட் ஆயில் வாங்குபவர் மூன்று சக்கர வண்டியில் பேரலோடு வந்தார். பழைய ஆயில் சட்டப்படி அபாயகரமான கழிவு. சாக்கடையில் ஊற்றக் கூடாது, அனுமதி பெற்றவர்களிடம்தான் கொடுக்க வேண்டும். ஆயில் தயாரிக்கும் கம்பெனிகளே பழையதைத் திரட்டி மறுசுத்திகரிப்புக்கு அனுப்பும் பொறுப்பை ஏற்க வேண்டும் என்ற விதி 2024 ஏப்ரலிலிருந்து நடப்பில் இருக்கிறது. முறையாகச் சுத்திகரித்தால் அதிலிருந்து மறுபடி நல்ல அடிப்படை எண்ணெய் கிடைக்கும். முறையில்லாமல் போனால் உலைகளில் எரியும், அல்லது கான்கிரீட் ஒட்டாமலிருக்க சென்ட்ரிங் பலகையில் பூசப்படும். இது எங்கே போகிறது என்று வந்தவரிடம் கேட்டேன். ‘கம்பெனிக்கு’ என்றார். எந்தக் கம்பெனி என்றதும் குழாயைப் பேரலுக்குள் விடுவதில் மும்முரமானார்.

ரசீது தருவீர்களா என்றேன்.

‘ரசீது போட்டா லிட்டருக்கு நாலு ரூபா கொறையும். பரவால்லீங்களாண்ணா?’ என்று அவர் மேஸ்திரியைக் கேட்டார்.

மேஸ்திரி என் பக்கம் திரும்பினார். ‘நீங்க எல்லாத்தையும் எழுதுங்க. இந்த நாலு ரூபாய யாரு தருவாங்கன்னும் சேத்து எழுதிருங்க’ என்றார்.